“முகம் குடுத்துக் கதைக்கிறாரில்லை”: பார்க்கின்சன் நோயும் வன்னியில் யாரும் கேட்காத கேள்வியும்

பெரியப்பாவின் மகள் கனடாவில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் எடுப்பாள். போன வருடம் ஒருநாள் தகப்பனோடு கதைத்து முடித்துவிட்டு என்னைத் தனியே எடுத்தாள். “அண்ணா, அப்பா முகம் குடுத்துக் கதைக்கிறாரில்லை. என்னில ஏதும் கோவமோ? நான் என்ன பிழை விட்டனான்?” குரல் உடைந்துபோயிருந்தது. நான் விசுவமடுவில் பெரியப்பாவுக்குப் பக்கத்து வளவில் இருப்பவன், தினமும் பார்ப்பவன். உண்மையைச் சொன்னால் எனக்கும் அதே எண்ணம்தான் இருந்தது. மனிசனுக்கு யாரிலோ மனத்தாங்கல், வாய் திறந்து சொல்கிறாரில்லை என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன்.

கோபம் என்று ஒன்று அங்கே இருக்கவே இல்லை. பெரியப்பாவுக்கு இருந்தது பார்க்கின்சன். கைநடுக்கமும் உடம்பு இறுக்கமும் தரும் இந்த நோய், கைகாலைப் பிடிப்பது போலவே முகத்துத் தசைகளையும் பிடிக்கும். கண் இமைப்பது குறைந்துவிடும். சிரிப்பு உள்ளே வரும், உதடுவரை வந்து சேராது. குரல் தாழ்ந்து ஒரே சுருதியில் போகும். முகமூடி போட்ட முகம் என்று வைத்தியர்கள் இதைச் சொல்வார்கள். அடுத்தவர் முகத்தைப் பார்த்தே மனதை அறிந்து பழகிய நமக்கு இந்த நோயாளி சந்தோசமாக இருக்கும்போதும் கோபக்காரராகத்தான் தெரிவார். உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருக்கும்போதும் அதே முகம்தான். பார்க்கின்சனோடு வாழ்பவர்களிடம் தற்கொலை எண்ணமும் தற்கொலையும் மற்றவர்களைவிட அதிகம். அதை முதலில் கண்டுகொள்ள வேண்டியவர்கள் வீட்டார். அந்த வீட்டாருக்கு முகம் உதவாது என்பதால், வாய் திறந்து கேட்டால்தான் உண்டு.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். டென்மார்க்கில் 1980 முதல் 2016 வரை வாழ்ந்த 73 இலட்சம் பேரின் பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. பார்க்கின்சன் உள்ளவர்களின் தற்கொலை விகிதம் மற்றவர்களைவிட 1.7 மடங்கு என்றது அது. 2021இல் தைவானிலிருந்து வந்த ஆய்வில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. தென்கொரியாவிலும் ஏறத்தாழ அதே கணக்குத்தான். இரண்டு மடங்கு என்றதும் யாரும் கலங்கத் தேவையில்லை. தைவானில் பார்க்கின்சன் உள்ள 35,891 பேரில் தற்கொலையால் இறந்தவர்கள் 151 பேர். ஒப்பிட்டுப் பார்த்த 143,557 பேரில் 300 பேர். அதாவது ஆயிரத்துக்கு நான்கு பேர், மற்றப் பக்கம் இரண்டு பேர். நோயாளிகளில் மிகப் பெரும்பாலானோர் அந்தப் பக்கம் போவதே இல்லை. ஆனால் சாவைப் பற்றியோ உயிரை விடுவதைப் பற்றியோ நினைத்துக்கொண்டிருப்பவர்கள், பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், ஐந்தில் ஒருவர் அளவில் வருகிறார்கள். வெளியே வராமல் வீட்டுக்குள்ளேயே கிடக்கும் துன்பம் அது.

மரணச் சான்றிதழ்களை மட்டும் வைத்துச் செய்த பழைய அமெரிக்க ஆய்வொன்று, இந்த நோயாளிகளிடம் தற்கொலை குறைவு என்றுகூடச் சொன்னது. சான்றிதழில் ஏறுவது ஒரு பகுதிதான் என்பது என் எண்ணம். இனிப் போதும் என்று முடிவெடுத்துச் சாப்பாட்டையும் குளிசையையும் தள்ளிவிடும் முதியவரின் சாவு “வயசு போய்ச் செத்தார்” என்றுதான் ஊரில் பேசப்படும்.

டென்மார்க் ஆய்வில் இன்னொரு விசயம் என்னை உறுத்தியது. நரம்பியல் நோய்களை மொத்தமாக எடுத்துப் பார்த்தபோது, நோய் இன்னதென்று தெரியவந்த முதல் மூன்று மாதங்களில்தான் ஆபத்து மிகக் கூடுதலாக இருந்திருக்கிறது. “இதை மாத்த ஏலாது, குளிசையோட சமாளிக்கலாம்” என்று ஒரு வரியில் கேட்டுவிட்டு வீட்டுக்கு பஸ் ஏறும் மனிசனை நினைத்துப் பாருங்கள். அந்த வாரங்களில் வீட்டில் எல்லோருடைய கவனமும் கைநடுக்கத்தில்தான் இருக்கும். அவர் இரவில் கண் விழித்துக் கிடப்பதை யார் கவனிப்பது?

1817இல் இந்த நோயை முதன்முதலில் விரிவாக எழுதியவர் லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன். புலன்களுக்கும் அறிவுக்கும் கேடில்லை என்று அவர் குறித்துவைத்தார். அதனால் நெடுங்காலம் இது அசைவின் நோயாகவே பார்க்கப்பட்டது. இன்றைக்குத் தெரிந்தது வேறு. மூளையின் அடிப்பகுதியில் டோபமைன் சுரக்கும் கலங்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. கை நடுங்கத் தொடங்கும் நாளில் அவற்றில் ஏறக்குறையப் பாதி போயிருக்கும். டோபமைன் கைகாலை ஆட்டுவதற்கு மட்டுமான பொருள் இல்லை. காலையில் எழும்பி ஒரு வேலையைச் செய்வோம் என்ற உந்துதலும், பேரப்பிள்ளை வந்து மடியில் ஏறும்போது வரும் மகிழ்ச்சியும் அதைக் கொண்டுதான் நடக்கின்றன. மனநிலையைத் தாங்கும் செரோட்டோனின், நோர்அட்ரினலின் கலங்களையும் இந்த நோய் தின்கிறது. அதனால் பார்க்கின்சனில் வரும் மனச்சோர்வு “வருத்தம் வந்த கவலை” மட்டும் அல்ல. நடுக்கம் எப்படி நோயோ, அப்படியே அதுவும் நோய். சிலரில் அது நடுக்கத்துக்கு வருடக்கணக்கில் முன்னாலேயே வந்துவிடும். நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்கு மேல், கவனிக்க வேண்டிய அளவில் மனச்சோர்வின் அறிகுறிகள் உண்டு.

வன்னியில் இதைக் கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு கடினம் என்பதற்குப் பெரியப்பாவின் இரவுகளைச் சொல்லலாம். நடுக்கம் வருவதற்கு ஏழெட்டு வருடங்களுக்கு முன்பிருந்தே அவர் நித்திரையில் கத்துவார். “படு, படு” என்று குழறுவார், காலால் உதைப்பார். ஒருமுறை கட்டிலால் விழுந்து நெற்றி வெடித்தது. பெரியம்மா 2009இல் மாத்தளனில் போனவர். அந்தக் கனவாக்கும் என்று நாங்கள் விட்டுவிட்டோம். அது அந்தக் கனவாகவே இருந்திருக்கலாம். ஆனால் கனவு காணும்போது உடம்பு அசையாமல் கிடக்க வேண்டும் என்பதுதான் இயற்கை. அந்தக் கட்டு அவிழ்ந்து, கனவை உடம்பால் நடித்துக் காட்டுவது பார்க்கின்சனின் மிகப் பழைய முன்னறிவிப்புகளில் ஒன்று. மணம் தெரியாமல் போவது, நாட்பட்ட மலச்சிக்கல் இரண்டும் அந்த வரிசையில் வருபவை. வேறு ஊரில் என்றால் யாராவது “இதென்ன புதுசா?” என்று கேட்டிருப்பார்கள். முள்ளிவாய்க்காலால் வந்த ஊரில் இரவில் கத்துவது யாருக்கும் புதிதில்லை.

துக்கத்துக்கும் அதே நிலைமைதான். மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களின் மனவடுவைப் பற்றி 2010இல் விரிவாக எழுதினார். தனி மனிதருக்கு வந்த காயமாக மட்டும் பாராமல், குடும்பமும் ஊரும் சேர்ந்து பட்ட காயமாக அதைப் பார்க்கவேண்டும் என்பது அவருடைய வாதம். நம் ஆட்கள் மனக் கவலையை உடம்பு வழியாகத்தான் சொல்வார்கள். நெஞ்சு பாரம், உடம்பு உளைவு, நித்திரை இல்லை, பெருமூச்சு. பார்க்கின்சனிலும் உடம்பு உளையும், நித்திரை குழம்பும், களைப்பு விடாது. ஆக மூன்று துன்பங்கள் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கின்றன: போர், முதுமை, நோய். மேலே தெரியும் இரண்டையும் சொல்லி மூன்றாவதை மூடிவிடுகிறோம். “பிள்ளையையும் குடுத்து மனிசியையும் குடுத்த ஆள், யோசிக்காமல் இருப்பாரோ?” என்று நாங்களே பதிலும் சொல்லிவிடுகிறோம். காரணம் நியாயமாக இருந்தால் வைத்தியம் தேவையில்லை என்று யார் சொன்னது? ஷெல் பட்ட காயத்துக்கும் மருந்து கட்டத்தானே செய்தோம்.

பெரியப்பாவின் வாயில் அடிக்கடி வரும் வசனம், “போய்ச் சேர்ந்தால் காணும்.” முதியவர்கள் எல்லோரும் சொல்வதுதானே என்று கேட்காதது போல் இருந்தோம். தங்கச்சி அழுத அன்றைக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில், அவர் அப்படிச் சொல்லும் நேரத்தை மட்டும் குறிக்கத் தொடங்கினேன். பத்து நாளில் விசயம் தெளிவாகத் தெரிந்தது. குளிசை காலை எட்டு மணிக்கு, பகல் ஒரு மணிக்கு, இரவு ஏழு மணிக்கு. அவர் சலித்துக்கொள்வது பெரும்பாலும் பன்னிரண்டுக்கும் ஒரு மணிக்கும் இடையில், பின்னேரம் ஆறுக்கும் ஏழுக்கும் இடையில். ஒரு மணிக் குளிசை ஏறி முக்கால் மணித்தியாலத்தில் “மாடு கட்டியாச்சோ?” என்று கேட்பார். அதே மனிசன்!

பார்க்கின்சனின் முக்கியமான மருந்து லெவோடோபா. மூளையில் போய் டோபமைனாக மாறும். நோய் முற்ற முற்ற அதன் பலன் அடுத்த குளிசைவரை தாக்குப்பிடிக்காது. இடையில் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் உடம்பு இறுகுவது எல்லோருக்கும் தெரியும். மனமும் அதே பள்ளத்தில் விழுகிறது என்பது பலருக்குத் தெரியாது. பதற்றம், அழுகை, இருந்து என்ன பிரயோசனம் என்ற எண்ணம், எல்லாம் அந்த நேரத்தில் வரலாம். நாட்காட்டித் தாளைக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். வைத்தியர் நேரங்களை மாற்றி நாலு வேளையாக்கினார். சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னால் போடச் சொன்னார், ஏனென்றால் மீனும் இறைச்சியும் பருப்பும் லெவோடோபா உடம்பில் சேர்வதைத் தடுக்கும். அப்புறம் மனநலப் பிரிவுக்கு ஒரு துண்டு எழுதித் தந்தார். அங்கே மனச்சோர்வுக்கும் குளிசை தொடங்கினார்கள். பார்க்கின்சன் உள்ளவர்களிலும் மனச்சோர்வு மருந்துகள் வேலை செய்கின்றன. மனம்விட்டுக் கதைக்கும் உளவளத்துணையும் பலன் தருகிறது. இரண்டும் சோதித்துப் பார்த்த விசயம்.

அந்தத் துண்டு வாங்க நான் ஒரு தாளோடு போகவேண்டியிருந்தது என்பது மனதை வருத்துகிறது. அதற்கு முன் எத்தனை கிளினிக்! ஒட்டுசுட்டானிலோ மல்லாவியிலோ இருக்கும் ஒருவர் நரம்பியல் நிபுணரைப் பார்க்க யாழ்ப்பாணம் போவதென்றால் இருட்டோடு பஸ் பிடிக்க வேண்டும். பார்க்கின்சன்காரருக்கு உடம்பு மிக இறுகிக் கிடக்கும் நேரமே அதுதான், முதல் குளிசைக்கு முன்னால். பஸ் படியில் கால் ஒட்டிக்கொண்டு நிற்கும், பின்னால் ஆட்கள் நெருக்குவார்கள். போய் வரிசையில் இருந்து உள்ளே போனால் ஐந்து நிமிடம். நடுக்கம் எப்படி, நடை எப்படி, விழுந்தாரா. மனம் எப்படி என்று கேட்டதில்லை. வைத்தியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வெளியே நூறு பேர் நிற்கிறார்கள். ஆனால் அந்த ஒரு கேள்விக்கு அரை நிமிடம் போதும்.

மருந்து கையில் இல்லாமல் போவதும் மனதை உடைக்கும். 2022 பொருளாதார நெருக்கடியில் அரச வைத்தியசாலைகளில் மருந்து தட்டுப்பாடானபோது, வெளியில் வாங்கக் காசில்லாதவர்கள் குளிசையைப் பாதியாக முறித்துப் போட்டார்கள். இப்போதும் கிளினிக் நாள் தவறினால் அதைத்தான் செய்கிறார்கள். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்துவது பொல்லாத விசயம். கடும் காய்ச்சலும் உடம்பு விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஒருவர் தானாகவே குளிசையை மறுக்கத் தொடங்கினால் அதைப் பிடிவாதம் என்று விட்டுவிடாதீர்கள். சொல்ல முடியாத ஒன்றை அவர் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கலாம். நாட்டு வைத்தியத்தில் தரும் பூனைக்காலி விதையிலும் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது. 1937இல் சென்னையில் தாமோதரனும் ராமசாமியும் அந்த விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். ஆகவே பரியாரி தந்த தூளையும் கிளினிக்கில் ஒளிக்காமல் சொல்லவேண்டும், இரண்டும் சேர்ந்தால் அளவு கூடிவிடும்.

இன்னொன்றையும் வீட்டார் தெரிந்து வைத்திருப்பது நல்லது. நோய் நாட்பட்டவர்களுக்கும், சில குளிசைகளாலும், இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். முற்றத்தில் பிள்ளை நிற்கிறான், மூலையில் நாய் படுத்திருக்கிறது என்பார்கள். மகனைக் காணாமல் தேடிக்கொண்டிருக்கும் ஒரு தாய்க்கு முற்றத்தில் மகன் நின்றால் வீடு என்ன பாடுபடும்! நூல் கட்டுவார்கள், வட்டாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைப்பார்கள். நேர்த்தி வைப்பதில் பிழையில்லை. ஆனால் கிளினிக்கிலும் சொல்லுங்கள். நடுக்கத்துக்குத் தரும் பென்செக்சால் போன்ற குளிசைகள் வயதானவர்களைக் குழப்பிவிடும், அதைக் குறைத்தாலே சிலருக்குத் தெளியும். ஆளை அமைதிப்படுத்த அவசரத்துக்கு ஹலோபெரிடோல் போன்ற மருந்து கொடுத்தால் உடம்பு இன்னும் இறுகிப்போகும். ஆகவே பார்க்கின்சன் உள்ளவர் என்று எந்த வைத்தியசாலைக்குப் போனாலும் முதலில் சொல்லிவிடவேண்டும்.

பெரியப்பா முப்பது வருடம் முதுகில் மெசினைக் கொழுவிக்கொண்டு வயலுக்கு மருந்தடித்தவர். கையுறை, முகக்கவசம் ஒன்றும் இல்லை. அவருக்கு இந்த நோய் அதனால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பராகுவாட் என்ற களைநாசினி அல்லது ரோட்டினோன் என்ற பூச்சிநாசினி பாவித்த அமெரிக்க விவசாயத் தொழிலாளர்களில் பார்க்கின்சன் இரண்டரை மடங்கு கூடுதலாக இருந்ததை 2011இல் ஓர் ஆய்வு காட்டியது. இலங்கை பராகுவாட்டைப் படிப்படியாகத் தடைசெய்துவிட்டது. அந்தத் தடைகளுக்குப் பின்னால் வேறொரு கதையும் உண்டு. 1995இல் இந்த நாட்டில் இலட்சத்துக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள், உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. மிகக் கொடிய விவசாய நஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்ததும் இருபது வருடத்தில் அந்த விகிதம் 70 சதவீதம் அளவுக்கு விழுந்தது. மனிதர்களின் கவலை அந்த அளவுக்குக் குறைந்துவிடவில்லை. பொறுக்க முடியாத அந்த ஒரு மணித்தியாலத்தில் கொடிய நஞ்சு கைக்கு எட்டாமல் போனது, அவ்வளவுதான். அந்த நேரம் கடந்துவிட்டால் பெரும்பாலானோர் வாழ்கிறார்கள்.

அதனால் வயல் மருந்தை வீட்டில் வைக்கவே வேண்டாம். பெட்டியில் பூட்டி வைத்தால் சரிதானே என்று கேட்கலாம். நமக்குப் பக்கத்திலேயே, வட மத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில் வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் வெளிவந்த முடிவு, பெட்டியால் பலன் இல்லை என்பதே. தேவையான அளவு மட்டும் வாங்கி அன்றைக்கே அடித்து முடிப்பதும், மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுவராமல் இருப்பதும்தான் வழி. நோயாளியின் குளிசைகளையும் வேளைக்கு வேளை இன்னொருவர் எடுத்துக் கொடுப்பது நல்லது.

சரி, எப்படிக் கேட்பது? நான் கேட்ட விதத்தைச் சொல்கிறேன். காலைக் குளிசை வேலை செய்யும் நேரம் பார்த்து, வேறு ஆட்கள் இல்லாதபோது, பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தேன். “பெரியப்பா, சீவியம் வெறுத்துப்போன மாதிரி இருக்கோ? உயிரை விடவேணும் எண்டு எப்பவாவது நினைச்சனீங்களோ?” நாக்கு உலர்ந்துபோயிருந்தது. கேட்டால் இல்லாத எண்ணத்தை மூட்டிவிடுவோமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அப்படி நடப்பதில்லை என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. கேட்கப்பட்டவருக்குப் பாரம் இறங்குவதே வழக்கம். பெரியப்பா நெடுநேரம் பேசவில்லை. பார்க்கின்சன்காரரின் பதில் மெதுவாகத்தான் வரும், இடையில் நாம் வாய் வைக்கக் கூடாது. பிறகு சொன்னார்: “நினைக்காத நாள் இல்லை, தம்பி. உங்களுக்குப் பாரமாய் இருக்கிறன்.” நான் புத்தி சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அடுத்த கிளினிக் வரைக்கும் அவரைத் தனியே விடவில்லை.

ஆம் என்று பதில் வந்தால் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கிலும் மாவட்ட வைத்தியசாலை இருக்கிறது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம், நோயாளியும் எடுக்கலாம், பார்ப்பவரும் எடுக்கலாம். உடனடி ஆபத்தென்றால் 1990 அம்புலன்ஸ். பொலிஸ் வழக்கு வரும் என்று பயந்து மறைக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. இலங்கையில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டம் 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

பார்ப்பவரை மறந்துவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். நமது வீடுகளில் அது பெரும்பாலும் ஒரு பெண், பல வீடுகளில் தானே புருசனை இழந்தவள். இரவில் நாலு தரம் எழும்பி அவரைப் புரட்டிப் படுக்கவைப்பவள் “எனக்கும் ஏலாமல் கிடக்கு” என்றால், அதையும் இதே கேள்வியோடு கேட்கவேண்டும்.

நேரம் மாற்றியதும் மனச்சோர்வுக் குளிசையும் பெரியப்பாவில் பிடிக்க இரண்டு மாதத்துக்குக் கிட்ட எடுத்தது. நடுக்கம் அப்படியேதான். தங்கச்சிக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். இப்போது அவள் தகப்பனின் முகத்தைப் பார்த்து முடிவு கட்டுவதில்லை, “அப்பா, இண்டைக்கு மனம் எப்பிடி?” என்றுதான் தொடங்குகிறாள். மார்கழி மழைக்கு இரணைமடுக் கதவு திறந்திருக்கிறது என்று யாரோ வந்து சொன்னபோது பெரியப்பா திண்ணையில் இருந்தார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, காது கொடுத்தால் மட்டும் கேட்கிற குரலில், “தம்பி, மோட்டச்சைக்கிளில என்னை ஏத்துவியோ? தண்ணி பாயிறதைப் பார்க்கவேணும்” என்றார்.